எழுபத்திரண்டு கொல்லைகளும் ஒரு டேப்பும்

என் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு டேப் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் சதுரப் பெட்டி. அரியலூரில் நான் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலையின் சர்வரில் இருப்பதெல்லாம் அதற்குள்ளே நகலாக இருக்கும். ஆலையில் தீப்பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும் ஒரு நகல் வெளியே பத்திரமாக இருக்க வேண்டும் என்பது விதி. வெளியே என்றால் எங்கே என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அது பெரம்பலூரில் என் வீட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வார டேப்பை மதியச் சோற்றுப் பையில் வைத்து பஸ் ஏறுவேன். போன வார டேப்பைத் திங்கட்கிழமை திருப்பிக் கொண்டு போவேன். பதினோரு வருஷமாக இதுதான் நடைமுறை. பையில் ரசம் சிந்தாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் இதில் கஷ்டம்.

இந்த வேலையைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. மேனேஜருக்கு டேப் எந்தப் பக்கம் நுழையும் என்றுகூடத் தெரியாது. கம்ப்யூட்டர் அறையில் அதைத் தொடுகிற ஒரே ஆள் நான். அவள் வருகிறவரைக்கும்.

அவள் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவள். மூன்று வருஷமும் முதல் மதிப்பெண் எனக்கு, இரண்டாவது அவளுக்கு. இதை நான் மறந்ததே இல்லை. அவள் மறந்தே போயிருந்தாள், அதுதான் என்னைச் சுட்டது. படிப்பு முடித்து நான் இங்கேயே நின்றுவிட்டேன். அவள் சென்னை, பெங்களூரு என்று போய், புருஷனுக்குத் திருச்சி மாற்றல் வந்ததும் ஊர்ப்பக்கம் திரும்பினாள். சேர்ந்த அன்றே எனக்கு ஒரு படி மேலே. நான் பதினோரு வருஷம் ஏறிய படிக்கட்டை அவள் லிஃப்டில் வந்து தாண்டினாள்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இல்லை. உடையார்பாளையத்தில் அவர்கள் வீட்டு முந்திரிக் கொல்லையிலிருந்து பை நிறைய வறுத்த முந்திரி கொண்டு வந்து எல்லோர் மேசையிலும் வைப்பாள். டீ கொண்டு வருபவரின் மகளுக்குக் கல்லூரி விண்ணப்பத்தைத் தானே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தாள். அந்த ஆள் பதினோரு வருஷமாக என்னிடம் சர்க்கரை போடவா என்று கேட்டதில்லை. அவளிடம் தினமும் கேட்டார். தனியாக இருக்கும்போது என்னை "ஏய், சாப்பிட்டியாடி" என்பாள். மேனேஜர் வந்தால் "அவங்களைக் கேட்டுடலாம் சார், அவங்களுக்குத்தான் தெரியும்" என்பாள். மரியாதைதான். அந்த மரியாதையும் எனக்கு ஊசியாகக் குத்தியது. கொடுக்கிற இடத்தில் இருப்பவள்தானே மரியாதை கொடுக்க முடியும்.

முந்திரியை மட்டும் தின்றேன். பொறாமைக்கும் வாய்க்கும் சம்பந்தமில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் சர்வரின் ஒரு டிஸ்க் செத்துப்போனது. அதில் இருந்தது நிலப் பிரிவின் ஃபைல்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த குடும்பங்களின் ஒப்பந்தங்கள் அவை. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்பது பேச்சு. காகிதக் கட்டுகளைக் கரையான் அரித்த பிறகு, மிச்சத்தையெல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. ஃபைல் இருந்தால் பேர் வேலைப் பட்டியலில் சேரும். இல்லாவிட்டால் அடுத்த தடவை. அடுத்த தடவை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நிலப் பிரிவு எழுத்தர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர், எதற்கும் அசராத மனிதர். அன்றைக்கு அவர் சட்டைப் பையில் பேனா தலைகீழாக இருந்தது.

"நாலாயிரம் ஃபைலும்மா," என்றார். "புதன்கெழமை ஜனங்க வந்து நிப்பாங்க. நான் என்னத்த காட்டுவேன்?"

"டேப் இருக்குங்க," என்றேன். அப்படிச் சொன்னபோது எவ்வளவு சுகமாக இருந்தது. அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

ஆலை ஜீப்பில் என்னைப் பெரம்பலூருக்கு அனுப்பினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சாலையில் நான் அவசரமாகப் போனேன். வழியெல்லாம் பாதிச் சாலையில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். எதிரே கல் லாரிகள். டிரைவர் திட்டிக்கொண்டே ஓட்டினார். நான் பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

டேப்பில் இருப்பதை எல்லாம் இறக்க இடம் போதாது. அந்த ஃபோல்டரிலேயே சுரங்கத்தை மேலிருந்து எடுத்த பெரிய பெரிய வீடியோக்கள் கிடந்தன. வேண்டிய ஃபைல்களை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பேர்ப் பட்டியல் என்னிடம் உண்டு. கூப்பிடுவதற்கு நானே எழுதிய ஒரு சின்ன நிரலும் உண்டு. போட்டேன். டேப் சுற்றியது. திரையில் வரிசையாக வந்தது: இல்லை. இல்லை. இல்லை.

இங்கே எழுத்தரின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஃபைல்களுக்கு அவர் ஆள் பேர் வைப்பதில்லை. இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரே பேரில் ஒரே இனிஷியலில் பத்துப் பேர் இருப்பார்கள். பங்கு பிரித்தால் சர்வே எண்ணும் மாறும். எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் கொல்லை என்போம், அதன் பேர் மாறாது. அதனால் கொல்லைக்கு ஊரில் என்ன பேரோ அதையே ஆங்கில எழுத்தில் அடித்து வைப்பார். ஓடைக் கொல்லை வடக்கு. ரெட்டைப் பனைக் கொல்லை. கல்லாங் கொல்லை பெரிய பங்கு. ஒவ்வொரு பேரிலும் இரண்டு மூன்று இடைவெளிகள்.

எனக்கு அந்தப் பேர்கள் மேலேயே ஒரு கோபம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பேர் வைக்க ஒரு கொல்லையும் இருந்ததில்லை. என் அம்மா ஊரில் இருக்கிற கொல்லைப் பேரெல்லாம் சொல்வாள், எல்லாவற்றிலும் களை எடுத்திருக்கிறாள். அவளுக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு முழம் கிடையாது. என் ஃபைல்களுக்கு நான் வைக்கிற பேரில் இடைவெளியே இருக்காது, எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும். டேப் சரியாக இருக்கிறதா என்று மாதாமாதம் சோதித்துக் கையெழுத்துப் போட்டேனே, அந்தச் சோதனைக்கு எப்போதும் என் ஃபைலில் ஒன்றைத்தான் எடுத்துப் பார்த்தேன். சமைத்தவள் தன் இலையில் மட்டும் ருசி பார்த்துவிட்டு எழுந்த மாதிரி. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட ஒரு கொல்லையைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

டேப் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே எடுத்தேன், போட்டேன். துடைத்தேன், போட்டேன். மூன்று மணி ஆகிவிட்டது. எழுத்தர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

அவள் டீயோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். "ஓடை இல்லை, கொல்லை இல்லை, வடக்கு இல்லைன்னு தனித்தனியா சொல்லுது பாரு," என்றாள். "ஒரு பேரை மூணாப் பிய்ச்சுக் கேக்குதுடி உன் நிரல்."

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. இரண்டு மணி நேரமாக அது என் கண் முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது.

டீ ஆறுவதற்குள் அவள் நாலு வரி எழுதினாள். ஒரு வரியில் இருப்பது முழுவதும் ஒரே பேர் என்று எடுத்துக்கொள்கிற மாதிரி. போட்டாள். டேப் சுற்றியது. கொல்லைகள் வந்தன. எழுத்தர் அப்போதுதான் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மேனேஜர் அறை வரைக்கும் சத்தம் போயிற்று. அவர் வந்தார், இன்னும் நாலு பேர் வந்தார்கள். "எல்லாம் வந்துடுச்சா?" என்றார். அவள், "வந்துடுச்சு சார்," என்றாள். கைகுலுக்கினார்கள். பெங்களூரு அனுபவம் என்றால் இதுதான் என்று யாரோ சொன்னார்கள். மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார், தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு அவள் வாயாலேயே சொல்லவைக்க. என் வயிறு எரிந்தது என்று எழுதினால் குறைவு. ஜீப்பில் மடியில் வைத்து டேப்பைக் கொண்டு வந்தவள் நான். ரசம் சிந்தாமல் பதினோரு வருஷம் சுமந்தவள் நான். அவள் நாலு வரி எழுதினாள்.

அறையில் நான் மட்டும் இருந்தேன். எண்ணிப் பார்த்தேன். நல்ல எண்ணத்தோடு அல்ல, ஏதாவது குறையாதா என்றுதான்.

குறைந்தது. பட்டியலுக்கும் வந்ததற்கும் எழுபத்திரண்டு வித்தியாசம். மேனேஜர் கூப்பிட்ட அவசரத்தில் அவள் பிழைப் பட்டியலைத் திறந்தே பார்க்கவில்லை. திறந்தேன். எழுபத்திரண்டு பேர்களும் அங்கே இருந்தன. பார்த்த உடனே காரணமும் புரிந்தது.

இதுவும் எழுத்தரின் பழக்கம்தான். எந்தக் குடும்பத்துக்கு இன்னும் வேலை கொடுக்கவில்லையோ, அந்த ஃபைலின் பேருக்கு முன்னால் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டி வைப்பார். முன்னால் இடைவெளி இருந்தால் அந்தப் பேர் பட்டியலின் தலையில் போய் உட்காரும். காலையில் திறந்ததும் கண்ணில் படும். வேலை கிடைத்துவிட்டால் அந்த ஒரு தட்டை அழித்துவிடுவார், ஃபைல் கீழே தன் இடத்துக்கு இறங்கிவிடும். சில வருஷங்களுக்கு முன்னால் இதை நான் பார்த்து, இப்படியெல்லாம் செய்யாதீர்கள் என்று அவரிடம் கடுகடுத்திருக்கிறேன். "மேல இருந்தாத்தாம்மா ஞாபகம் இருக்கும்," என்றார். அவளுக்கு இது தெரிய வழியில்லை. அவள் எழுதிய வரிகள் பேருக்கு நடுவே இருந்த இடைவெளிகளைக் காப்பாற்றின. முன்னால் இருந்ததைத் துடைத்துவிட்டன. வராமல் போனது யாருடையது என்றால், சரியாக, இன்னும் காத்திருப்பவர்களுடையது.

அந்த எழுபத்திரண்டு பேர்களையும் சர்வரிலேயே தனியாக ஒரு ஃபைலில் எடுத்து வைத்தேன். பேரில் இடைவெளி இல்லாமல், என் வழக்கப்படி. இரண்டு வரி திருத்தினால் போதும். டேப் இன்னும் இயந்திரத்திலேயே இருந்தது. திருத்தவில்லை. எழுந்து பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. புதன்கிழமை எழுத்தர் திறப்பார், தலையில் ஒன்றும் இருக்காது, "எல்லாம் வந்துடுச்சு சார்" என்றவளின் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் எழுந்து போய்ச் சரிசெய்வேன். எல்லோரும் பார்ப்பார்கள். ஊர் வருகிற வரைக்கும் திரும்பத் திரும்ப இதையே ஓட்டிப் பார்த்தேன். ஜனங்கள் யாரும் அந்தப் படத்தில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எழுத்தர் விடுப்பு, சொந்தத்தில் காதுகுத்து. அவள் எனக்கு முந்திரி கொண்டு வந்தாள். "நேத்து டேப் மட்டும் இல்லன்னா செத்தோம்டி," என்றாள். தலையாட்டினேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு நிலப் பிரிவு வராந்தாவில் கூட்டம். அதிகாரி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். எழுத்தர் ஃபோல்டரைத் திறந்தார். சுட்டியை மேலே தள்ளினார், கீழே தள்ளினார், மறுபடி மேலே. பிறகு எங்கள் அறைக்கு ஆள் அனுப்பினார். அவள் முன்னால் போனாள், நான் பின்னால்.

முதலில் நின்றிருந்தது ஒரு அம்மாள், கூடவே அவர் மகள். பெண் டிப்ளமோ முடித்திருந்தாள். இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும் என்று எழுத்தரே அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாளிடம் இருந்த ஒப்பந்த நகல், கூரை ஒழுகி மையெல்லாம் கரைந்து வெறும் நீலத்தாளாகக் கையில் இருந்தது.

"ஆவாரங் கொல்லை கெழக்குங்க," என்றார் அந்த அம்மாள். "நல்லாத் தேடிப் பாருங்க."

"தேடிட்டேம்மா. மேலதான் இருந்துச்சு. காணும்," என்றார் எழுத்தர்.

அதிகாரி ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. ஆவணம் இல்லை என்று ஒரு கட்டத்தில் தட்டினார், அடுத்த பேரைக் கேட்டார். அதுவும் இல்லை. அதற்கடுத்ததும்.

அப்போது அவள் முன்னால் வந்தாள். "சார், இது என் தப்பு. திங்கக்கெழமை எல்லாம் வந்துடுச்சுன்னு நான்தான் சொன்னேன். சரிபாக்காமச் சொல்லிட்டேன். எழுத்தர் மேல ஒண்ணும் இல்ல," என்றாள். மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார், நாற்பது பேர் நிற்கிறார்கள்.

இரண்டு நாளாக நான் காத்திருந்த இடம் இது. இனிக்கும் என்று நினைத்தேன். இனிக்கவில்லை, மறுபடி எரிந்தது. தப்பை ஒத்துக்கொள்வதில்கூட என்னை முந்திக்கொண்டாளே என்று. அந்த நேரத்தில் என் மனசுக்குள் வந்தது இதுதான், கூட்டிக் குறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த அம்மாள் அழவில்லை. ஈரம் பட்டுக் காய்ந்த தாளை நாலாக மடித்தார். யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "லாரி எறங்குற பள்ளந்தான் எங்க கொல்லை. கொல்லையும் இல்லங்கிறீங்க, ஃபைலும் இல்லங்கிறீங்க. அப்ப நாங்க எதைத்தாங்க குடுத்தோம்?" என்றார்.

எனக்கு மட்டும் பதில் தெரியும். அந்தப் பதில் என் ஃபைலில் திங்கட்கிழமையிலிருந்து கிடந்தது.

"ஒரு மணி நேரம் குடுங்க சார்," என்றேன். போனேன். இரண்டு வரி திருத்தினேன், டேப்பைச் சுற்றவிட்டேன். ஆவாரங் கொல்லை கிழக்கு முதலிலேயே வந்தது. எழுபத்திரண்டும் வந்தன. வராந்தாவில் அதிகாரி தட்டியதையெல்லாம் திருப்பித் தட்டினார். எழுத்தர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்?" என்றார் மேனேஜர். பதினோரு வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம்.

சாயங்காலம் அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவள் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திருத்தத்தைப் படித்துக்கொண்டிருந்தாள், எப்படிச் செய்தேன் என்று தெரிந்துகொள்ள.

"உனக்கு எப்படித் தோணுச்சு?" என்றாள்.

"இப்பத்தான். மேல இருந்துச்சுன்னு எழுத்தர் சொன்னாருல்ல, அப்ப."

அவள் திரையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்து வைத்த பேர்ப்பட்டியல் ஃபைல் அங்கேயே இருந்தது. பக்கத்தில் கிழமையும் நேரமும். எந்த ஃபைலுக்கும் கம்ப்யூட்டர் அதைத் தானாகப் போட்டுவிடும். திங்கள், ஐந்து பத்து.

அந்தக் கிழமையின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "சரி, வரேன்," என்றாள். 'டி' இல்லை. ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. மேனேஜரிடம் சொல்வாள் என்று வியாழன் முழுக்கக் காத்திருந்தேன், வெள்ளியும் காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் சரிசமம் ஆகியிருப்போம்.

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. எங்கள் அறையிலேயே போட்டார்கள். வந்த முதல் நாள் ஒரு டப்பா லட்டோடு என் மேசைக்கு வந்தாள். "நீங்கதான்க்கா எங்க ஃபைலக் கண்டுபுடிச்சீங்களாம். அம்மா உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னுச்சு," என்றாள். டப்பாவை வாங்கி மேசையில் வைத்தேன். அடுத்த மேசையில் அவள் நிமிரவே இல்லை. விசைப்பலகையில் அடித்துக்கொண்டே, "ஆமாம்மா, அவங்கதான்," என்றாள்.

திங்கட்கிழமை எடுத்து வைத்த அந்தப் பேர்ப்பட்டியல் ஃபைலை நான் அன்றைக்கே சர்வரிலிருந்து அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை கடந்து, அந்த வார டேப்பில் அதுவும் ஏறிப் போயிருந்தது. வருஷத்துக்கு ஒரு டேப்பை அழிக்காமல் வைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்த வருஷத்துக்கு அந்த வார டேப்பைத்தான் வைக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார், நிலப் பிரிவு ஃபைல்கள் குறையில்லாமல் இருக்கிற டேப் என்பதால். எங்கே வைப்பது என்று கேட்டேன்.

"உங்க வூட்டுலயே இருக்கட்டும். அதுதான் பத்திரம்," என்றார்.

கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது.